மணி தானாக அடிக்கவில்லை

மகன்,

என் அழைப்புகளுக்கு நீ பதில் சொல்லாமல் விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. அதனால்தான் கொப்பித் தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணிப் போகிறது, பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் தாள் தாளாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். உனக்கு மட்டுமல்ல. உன் பிரசங்கத்தை இந்தத் தீவெல்லாம் அனுப்பியவர்களுக்கும், கனடாவில் உன் சபையில் இருந்து அதைக் கேட்டு அல்லேலூயா சொன்னவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும். தகப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் வாசிப்பது முறையில்லை என்று உனக்குக் கோபம் வரும். நீ என்னைப் பற்றிச் சொன்னதை ஊர் கேட்டுவிட்டது. இனி நான் சொல்வதையும் ஊர் கேட்கத்தான் வேண்டும்.

அந்தப் பிரசங்கத்தை நான் நாலு தரம் கேட்டேன். நோவாவில் தொடங்கினாய். உலகம் முழுவதும் கெட்டுப்போயிருந்தது, ஒருவன் மட்டும் கடவுளுக்கு உண்மையாயிருந்தான் என்றாய். சனம் சிரிக்கச் சிரிக்க அவன் பேழையைக் கட்டியதை நீ சொன்ன விதம் நன்றாயிருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் அழுதிருப்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு ஒரு நோவாவைத் தெரியும், அவர் என்னுடைய அப்பா" என்றாய். கடல் ஊருக்குள் வந்த நாளில் அப்பா கோயிலைத் திறந்து முப்பத்தேழு பேரை உள்ளே எடுத்தார் என்றாய். கடைசியில், பாவத்தில் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஆணும் பெண்ணும் வந்து பக்கக் கதவில் தட்டினார்கள், அப்பா திறக்கவில்லை, கடவுள் அடைத்த கதவை மனிதன் திறக்கலாமா என்று கேட்டாய். அந்த நேரம் கோயில் மணி தானாக அடித்தது, அது தேவதூதன் அடித்த மணி என்றாய். உன் சனம் எழுந்து நின்றது.

நீ சொன்னதில் அரைவாசி நான் உனக்குச் சொன்னது. அந்த நாளில் நீ பட்டணத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பட்டணத்திலிருந்து வரும் மண்டைதீவுப் பாதை கடலுக்குள் தாழ்ந்து கிடந்ததால் மூன்றாம் நாள்தான் உன்னால் வர முடிந்தது. ஆகவே உனக்குத் தெரிந்ததெல்லாம் என் வாயால் வந்தது. நான் சொல்லாமல் விட்ட மற்ற அரைவாசியை இப்போது சொல்கிறேன். இதை வாசித்த பிறகு நீ என்னை அப்பா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. கடைசித் தாள்வரை வாசி. கெஞ்சிக் கேட்கிறேன், கடைசித் தாள்வரை வாசி.

அந்தப் பெண்ணின் பெயர் றீற்றா. உனக்கு அவளைத் தெரியும், ஆனால் உன் பிரசங்கத்தில் அவளுக்குப் பெயர் இல்லை. சண்டைக் காலத்தில் அவளுடைய மனிசனை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். திருப்பி விடவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்து, வருசக்கணக்காக அலைந்து, திரும்பவும் இந்தக் கரைக்கு வந்து குடியேறியபோது அவளும் தனியாக வந்தாள். வேலிப் படலை ஆடினால் எழும்பிப் பார்ப்பாளாம். ஒன்பது வருசம் அப்படி இருந்தாள். அதற்குப் பிறகுதான் ஞானம் வந்தான். நண்டு வலைத் தொழிலுக்காக வேறு தீவிலிருந்து வந்தவன், அதிகம் பேசமாட்டான். அவளுடைய கூரையை மேய்ந்து கொடுத்தான், வேலியை அடைத்துக் கொடுத்தான், ஒரு நாள் அங்கேயே தங்கிவிட்டான். இரண்டு பேரும் கலியாணம் எழுதக் கேட்டுச் சுவாமியிடம் போனார்கள். முதல் புருசனின் மரணப் பத்திரம் இல்லாமல் எழுத முடியாது என்று சுவாமி சொன்னார். அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார், நானும் பக்கத்தில் நின்றேன். இரக்கமில்லாமல் சொன்னவன் நான்.

நான் அப்போதே கோயில் மூப்பர். சுவாமி இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, வாசகம் வாசிப்பது, கோயில் கதவுகளைப் பூட்டித் திறக்கும் திறப்பை இடுப்பில் வைத்திருப்பது எல்லாம் நான். அந்தத் திறப்பின் பாரம் எனக்குப் பிடித்திருந்தது. திருநாளுக்கு றீற்றா கொண்டுவந்த பூவைப் பீடத்தில் வைக்க விடாமல் திருப்பிக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சனம் முழுக்க இருக்க, "இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாத புருசனுக்கு உண்மையா இருக்க ஏலாதவை இந்தக் கோயிலுக்குள்ள ஏன் வருகினம்?" என்று கேட்டேன். அவள் எழுந்து போனாள். ஞானம் வாசலில் நின்று என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லதாய்ப் போயிருக்கும். அதன் பிறகு அவர்கள் இருவரும் கோயில் படி மிதிக்கவில்லை. ஒன்பது வருசம் காத்திருந்த ஒருத்தியை உண்மையில்லாதவள் என்று சொன்ன வாய் இது. கடலுக்குப் போய் ஒரு நாள் நான் பிந்தினாலே உன் அம்மா கஞ்சி குடிக்கமாட்டாள், அவள்தான் அன்று வீட்டுக்கு வந்து என்னிடம், "நான் எண்டால் ஒன்பது வருசம் இருந்திருப்பனோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். நான் அவளைப் பேசி அடக்கினேன்.

கடல் வந்தது மாரியில். விடியும்போதே வாடைக்காற்று வேறு மாதிரி ஊதியது. வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டினோம். பத்து மணிக்கெல்லாம் தெருவுக்கு மேலால் தண்ணீர் வந்தது. அது மழைத்தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். கோயில் ஐந்து படி உயரத்தில் இருந்ததால் எல்லோரும் அங்கே ஓடி வந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றினேன். அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. முப்பத்தேழு பேர் சரிதான், நீ சொன்ன கணக்கு. பிறகு காற்று நேரே வாசலுக்குத் திரும்பியது. கடலைப் பார்த்த பெரிய கதவை அடைத்து, சனம் இருக்கும் வாங்குகளை இழுத்து முட்டுக்கொடுத்தோம். திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரை ஓடுகளைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். அதுவும் உண்மை. பிள்ளைகள் கத்தின. சனத்தை அமைதிப்படுத்த நான் வேதப்புத்தகத்தை எடுத்து நோவாவின் கதையை வாசித்தேன். அந்த இடத்தை நானாகத்தான் தேடி எடுத்தேன். என் குரல் நடுங்காமல் இருந்தது. அன்று எனக்குப் பயம் இல்லை, மகன். பயப்பட்டிருந்தால் ஒருவேளை மனிசனாய் இருந்திருப்பேன்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது பெரிய கதவில் தட்டும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. "காத்து" என்றார் ஒருவர். "காத்துத்தான்" என்றேன் நானும். உன் அம்மா மட்டும், "இஞ்சாருங்கோ, அது ஆக்களப்பா" என்றாள். நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பீடத்துக்குப் பக்கத்தில் பூசைப் பொருட்கள் வைக்கும் சின்ன அறைக்குள் போனேன். அந்த அறைக்கு வெளியில் போக ஒரு பக்கக் கதவு இருக்கிறதே, அது காற்றுப் படாத பக்கம். இதை நீ கவனமாக வாசிக்க வேண்டும். அந்தப் பக்கம் காற்றுப் படவில்லை. அந்தக் கதவைத் திறந்திருந்தால் ஒரு ஓடும் போயிருக்காது. தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும், அவ்வளவுதான். திறப்பு என் இடுப்பில் இருந்தது.

தட்டினவர்கள் சுவரைப் பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கதவுக்கும் எனக்கும் நடுவில் இரண்டடி இல்லை. "மூப்பர் அண்ணை, மூப்பர் அண்ணை" என்று றீற்றா கூப்பிட்டாள். நான் திறப்பைக் கையில் எடுத்தேன். பிறகு ஞானத்தின் குரல் கேட்டது. "என்னை விடுங்கோ அண்ணை. அவவை மட்டும் உள்ளுக்கு எடுங்கோ. அவவை மட்டும் எடுங்கோ." அந்த மனிதன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? சற்று முன் நானே வாசித்த வசனம் தோன்றியது. பேழையின் கதவைக் கடவுளே அடைத்தார் என்று. இது சோதனை, நோவாவுக்கும் இப்படித்தான் தட்டிக் கேட்டிருக்கும், அவன் அசையவில்லை, நானும் அசையக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் சொல்லத்தான் இந்தக் கடிதம். திறப்பைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து, "ஒருத்தருமில்லை" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. வெளியில் இரண்டு தூணுக்கு நடுவில் தொங்கும் மணி. கயிற்றை யாரோ பிடித்து இழுப்பது போல விட்டு விட்டு அடித்தது. உள்ளே இருந்த சனம் முழங்காலில் விழுந்தது. "சம்மனசு அடிக்கிறார்" என்று ஒரு கிழவி தேவதூதனைச் சொன்னாள். நான் பாட்டுத் தொடங்கினேன். மணி அடிக்க அடிக்க நாங்கள் உரத்துப் பாடினோம்.

நாலு மணிக்குக் காற்று விழுந்து, வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கதவைத் திறந்து வெளியில் வந்தபோது றீற்றா மணித்தூணின் குறுக்குச் சட்டத்தில், கயிற்றைக் கையில் சுற்றியபடி கிடந்தாள். கயிறு தோலை உரித்திருந்தது. ஞானம் அவளைத் தோளில் தூக்கி அந்தச் சட்டத்தில் ஏற்றிவிட்டு, தான் ஏறப் பிடி கிடைக்காமல் போயிருக்கிறான். மறுநாள் காலையில் பனை வடலிக்குள் அவன் உடலை எடுத்தோம். றீற்றாவைத் தூணிலிருந்து இறக்கிய கைகளில் என் கையும் ஒன்று. ஆக, மணியை யார் அடித்தது என்று அன்று உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்மனசு என்று சொல்வது எல்லோருக்கும் சுகமாக இருந்தது. ஞானத்தின் சடங்கில், புதைக்கும் கிடங்கருகில் நின்று, "கடவுளின்ர தீர்ப்பை ஆர் மாத்த ஏலும்" என்று சொன்னவனும் நான்தான். றீற்றா கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு நான் குடிக்கத் தொடங்கியதை நீ அறிவாய். கடல் வந்த அதிர்ச்சி என்று சொன்னேன், நீயும் நம்பினாய். இப்போது நான் அந்த வேதாகமக் கதையைக் கடைசிவரை வாசித்துப் பார்க்கிறேன். நீ பிரசங்கத்தில் வானவில்லோடு நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகும் இருக்கிறது. நோவா திராட்சை நட்டான், குடித்தான், கூடாரத்துக்குள் உடுப்பில்லாமல் விழுந்து கிடந்தான். உலகத்திலேயே நீதிமான் என்று எண்ணப்பட்டவன் ஏன் அப்படிக் குடித்தான் என்று எந்தச் சுவாமியும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அவனுக்கும் வெளியில் தட்டின சத்தம் கேட்டிருக்கும்.

நீ கனடாவுக்குப் புறப்படும் முன் ஒரு நாள், நான் வெறியில் இருந்தபோது, "அப்பா, அண்டைக்கு உண்மையா என்ன நடந்தது?" என்று கேட்டாய். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். தட்டினார்கள் என்றேன், பக்கக் கதவு என்றேன், திறக்கவில்லை என்றேன். உன் முகம் மாறுவதைக் கண்டேன். உன் முகத்தில் நான் சின்னவனாகிப் போவதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. உடனே அதைத் திருப்பி, கடவுளின் வீட்டைக் காப்பாற்றினேன், விசுவாசத்தில் நின்றேன் என்று முடித்தேன். நீ என் கையைப் பிடித்துக் கும்பிட்டாய். உன் ஊழியம் அன்றுதான் தொடங்கியது என்று நீயே பிரசங்கத்தில் சொல்கிறாய். மகன், உன் அத்திவாரத்தில் நான் வைத்த கல் பொய்க்கல்.

உன் பிரசங்கம் வந்து மூன்றாம் நாள் பகல் றீற்றா எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அவளுடைய தொலைபேசிக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். கதிரையைக் காட்டி, "இரும்" என்றேன். இருக்கவில்லை.

"உங்கட மகன் சொல்லுறதைக் கேட்டனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"மணி தானா அடிக்கேல்லை. நான் அடிச்சனான். ஆரும் வருவினமெண்டு அடிச்சனான்."

"தெரியும் றீற்றா."

"அதை விடுங்கோ. காத்தெண்டு நினைச்சிருப்பினமெண்டுதான் நான் இவ்வளவு காலமும் மனசை ஆத்தினது. ஒருத்தருக்கும் எங்கட குரல் கேட்டிருக்காது எண்டு. ஆனா உங்கட மகன் பக்கக் கதவெண்டு சொல்லுறார். பக்கக் கதவிலை தட்டினதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்ப அவருக்கு எப்பிடித் தெரியும்?"

நான் அவள் காலடியில் இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதுவும் மனதில் வந்து போனது, மறைக்கமாட்டேன். பிறகு, "நான் கதவுக்கு உள்பக்கம் நிண்டனான். திறப்பு கையிலை இருந்தது" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் காயப்போட்ட வலையின் மேல் ஒரு காகம் வந்து இருந்தது, போனது. அடிப்பாள் என்று நினைத்தேன், ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப அவர் சொன்னதும் உங்களுக்குக் கேட்டதோ?" என்று கேட்டாள். "அவவை மட்டும் எடுங்கோ எண்டு சொன்னவரே, அது?"

"கேட்டது."

"இரண்டு தரம் சொன்னவர்."

"ஓம். இரண்டு தரம்."

அப்போதுதான் அவள் கதிரையில் இருந்தாள். "அதைக் கேட்டது நான் மட்டும்தானெண்டு நினைச்சிருந்தன். சில நாளையிலை, நானாத்தான் கற்பனை பண்ணினனோ எண்டு எனக்கே சந்தேகம் வரும். இப்ப இன்னொராளும் கேட்டிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்கள் ஏன் பிந்தினனாங்கள் தெரியுமோ? தண்ணி முழங்காலுக்கு வரேக்கையே அவர் கோயிலுக்குப் போவமெண்டவர். நான்தான் மாட்டனெண்டனான். எனக்கு வெக்கமா இருந்தது அண்ணை. உங்கட முகத்துக்கு முன்னால வர வெக்கமா இருந்தது."

நான் அவள் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள். "மன்னிப்பெண்டு கேக்காதேங்கோ. குடுக்கிறதுக்கு என்னட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ. அவர் என்ன சொன்னவரெண்டதையும் சொல்லுங்கோ. அது போதும்."

சொன்னேன், மகன். பூசை முடிந்து சனம் எழும்ப முதல் முன்னால் போய் நின்று, இங்கே எழுதிய அவ்வளவையும் சொன்னேன். "பழங்கதை, விடும் மூப்பர்" என்று ஒருவர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். சிலர் எழுந்து போனார்கள். அன்று உள்ளே இருந்த ஒரு மனுசி, "எங்களுக்கும் மணி கேட்டதுதானே" என்று சொல்லி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சுவாமி இளம் பிள்ளை, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது தெருவில் என்னைக் கண்டால் சிலர் மற்றப் பக்கம் போகிறார்கள். இறால் வாங்க வருகிறவன் வீட்டுக்கு வருவதில்லை. எனக்கு அதில் முறைப்பாடு இல்லை.

அன்று பின்னேரமே உனக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, உங்களுக்கு வயசு போட்டுது. அம்மா போன பிறகு தனிய இருந்து மூளை குழம்பிப்போச்சு. இதை ஆருக்கும் சொல்லாதேங்கோ" என்றாய். அதுதான் உன்னுடைய கடைசி வார்த்தை. நீ என்னைக் காப்பாற்ற நினைக்கிறாய் என்று எனக்கு விளங்குகிறது. நோவாவின் பிள்ளைகள் இரண்டு பேர் தகப்பனைப் பார்க்காமல் பின்பக்கமாக நடந்து வந்து போர்வையால் மூடினார்கள், அதை நல்ல காரியம் என்று வேதம் சொல்கிறது. எனக்கு அந்தப் போர்வை வேண்டாம். திரும்பிப் பார். நான் எப்படிக் கிடக்கிறேன் என்று பார்.

நான் உனக்கு வேதம் படிப்பிக்க வரவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த அதிகாரங்களை இந்தப் பன்னிரண்டு நாளும் விரலை வைத்து வாசித்தேன். நோவா கட்டினான் என்று இருக்கிறது, ஏற்றினான் என்று இருக்கிறது. கதவை அடைத்தான் என்று இல்லை. அதைக் கடவுள் செய்தார். செய்துவிட்டு, தண்ணீர் வற்றிய பிறகு, இனி ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டேன் என்று அவரே வாக்குக் கொடுத்தார். கடவுள் விட்டுவிட்ட வேலையை நான் எடுத்துச் செய்தேன். இப்போது நீ செய்கிறாய்.

மரீனாவைப் பற்றித்தான் சொல்கிறேன். உன் தங்கச்சி, கனடாவில் உனக்குப் பக்கத்திலேயே இருப்பவள். சின்ன வயதில் நெடுந்தீவுத் திருநாளுக்குப் போகும்போது கடல் கொந்தளித்து, நீ வள்ளத்துக்குள் பயத்தில் வயிற்றைப் பிரட்டி அவளுடைய புதுச்சட்டை முழுக்கச் சத்தி எடுத்தாய். பெடியன்கள் உன்னைப் பகிடி பண்ணுவார்கள் என்று, அது தன்னுடைய சத்தி என்று எல்லோருக்கும் சொன்னவள் அவள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய மனிசன் அவளுக்குக் கையோங்குகிறான் என்று உனக்கு இரண்டு வருசமாகத் தெரியும். போன மாதம் அவன் அடித்து இடது கை முறிந்து, இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பனிக்குள் உன் வீட்டு வாசலுக்கு வந்தாள். நீ கதவைத் திறக்காமலே, "புருசனிட்டைத் திரும்பிப் போ, அதுக்குப் பிறகு வா" என்றாயாம். அதற்கு அடுத்த ஞாயிறுதான் இந்தப் பிரசங்கம். உனக்குச் செய்தது சரி என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாய். மகன், உனக்கும் நெஞ்சில் அந்த இனிப்பு ஊறியிருக்கும். அதை நம்பாதே. அது கடவுளிடமிருந்து வருவதில்லை. எனக்குத் தெரிந்து சொல்கிறேன்.

மரீனா பிள்ளைகளோடு ஒரு விடுதியில் இருக்கிறாள். நான் கோயிலில் சொன்னதற்கு அடுத்த நாள் றீற்றா, மரீனாவின் கதையைக் கேள்விப்பட்டு வந்து, "உங்கட மகள் இப்ப எங்கை இருக்கிறா? என்ர தொலைபேசியிலை எடுத்துத் தாங்கோ" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் நாள் தவறாமல் கதைக்கிறார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை. நேற்று மட்டும் றீற்றா சொன்னாள். விடுதியில் திங்கட்கிழமை வரைக்கும்தான் இடமாம். அதற்குப் பிறகு இடம் கிடைக்க இன்னும் காத்திருக்க வேண்டுமாம். "அண்ணாவும் உள்ளுக்கு விடமாட்டார், அப்ப மனிசனிட்டையே திரும்பிப் போறன், வேறை எங்கை போறது அக்கா" என்று மரீனா கேட்டிருக்கிறாள். போனால் அவன் அவளை உயிரோடு விடமாட்டான். நான் இந்தத் தீவில் கிடக்கிறேன். கடவுச்சீட்டும் இல்லை, கால்களில் பலமும் இல்லை. என் பிள்ளை அங்கே நிற்கிறாள், நீ பத்து நிமிட ஓட்டத்தில் இருக்கிறாய்.

றீற்றா இப்போது எதிரில் இருக்கிறாள். இந்தத் தாள்களைப் படம் பிடித்து அனுப்பப் போகிறவள் அவள்தான். முழுவதையும் வாசித்துவிட்டாள். ஒரு சொல்லையும் வெட்டச் சொல்லவில்லை. "கெதியா முடியுங்கோ" என்று மட்டும் சொல்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் நினை. சபையில் என்ன சொல்வது என்று பிறகு யோசி. எனக்குப் பதில் எழுதாதே. காரை எடு.

அப்பா